இரண்டு அவுன்ஸ் மண்



"மண்ணில்லா வேளாண்மையின் பயன்கள்" என்று அழைப்பிதழில் என் உரைக்குத் தலைப்பு அச்சாகியிருக்கிறது. தலைப்பை நான்தான் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அதிலுள்ள சங்கடம் உறைத்தது. இந்தக் கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளை யாருடைய நினைவாக ஏற்பட்டதோ, அவர் கடைசி வரை கரிசல் காட்டில் ஏர் பிடித்தவர் என்று சற்று முன் வரவேற்புரையில் சொன்னார்கள். ஒரு சம்சாரியின் பெயரால் நடக்கும் கூட்டத்தில் மண்ணே வேண்டாம் என்று பேசவா வந்தாய் என்று அவர் இருந்தால் கேட்டிருப்பார். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டே பேசுகிறேன். அவருக்கு விளங்காத மாதிரி ஏதாவது சொன்னால் அது என் குற்றம்.

பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்றொரு மருத்துவர் இருந்தார். உலர்த்திய மண்ணை 200 பவுண்டு எடை போட்டு ஒரு தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை அதில் நட்டார். தண்ணீரைத் தவிர வேறெதுவும் ஊற்றவில்லை. தூசு விழாமலிருக்கத் துளையிட்ட தகரமூடியும் போட்டார். ஐந்தாண்டு கழித்துப் பிடுங்கி எடை போட்டபோது மரம் 169 பவுண்டுக்குச் சற்று மேலே இருந்தது. மண்ணையும் மறுபடி உலர்த்தி எடை போட்டார். சுமார் 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு 1648இல் வெளிவந்த நூலில் இந்தச் சோதனை இருக்கிறது.

முடிவு தவறு. மரத்தின் உடம்பில் பெரும்பகுதி காற்றிலிருந்த கரியமில வாயுவிலிருந்து வந்தது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இன்று உலகம் முழுக்கப் புழங்கும் 'கேஸ்' என்ற சொல்லை உண்டாக்கியவரே இந்த வான் ஹெல்மான்ட்தான். கரி எரியும்போது வெளிவரும் வாயுவைப் பற்றி எழுதியவரும் அவர்தான். அந்த வாயுவைத்தான் தன் தொட்டி மரம் தின்றது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. குறைந்துபோன 2 அவுன்ஸ் மண்ணையும் அவர் பொருட்படுத்தவில்லை. நம் கணக்கில் அது 57 கிராம். என் இன்றைய பேச்சு முழுவதும் அந்த 57 கிராமைப் பற்றியதுதான்.

இங்கிலாந்தின் ஜான் உட்வர்டு 1699இல் வெளியிட்ட கட்டுரையில், புதினாவை மழைநீரிலும், தேம்ஸ் ஆற்று நீரிலும், தோட்டமண் கலக்கிய நீரிலும் தனித்தனியே வளர்த்துப் பார்த்ததை எழுதியிருக்கிறார். மழைநீரில் நின்றது சவலையாகவே இருந்தது. மண் கலக்கிய நீரில் நின்றது தழைத்தது. மண்ணிலிருந்து ஏதோ ஒன்று நீருக்குள் இறங்குகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்பதை 1860களில் ஜெர்மனியின் யூலியஸ் ஸாக்ஸும் வில்ஹெல்ம் நாப்பும் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், பொட்டாசியம் பாஸ்பேட், மக்னீசியம் சல்பேட், ஒரு சிட்டிகை இரும்பு உப்பு. நாப்பின் கரைசலில் இவ்வளவுதான். துத்தநாகம், போரான், தாமிரம், மாலிப்டினம் என்று மிச்சமுள்ளவை சேர இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. அந்தப் பாடம் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது; நான் ஒப்பிக்க வேண்டியதில்லை.

செடிக்கு வேண்டியது இந்த உப்புகள்தான் என்றால் மண் எதற்கு? மண் செடியைப் பிடித்து நிறுத்துகிறது. பெய்த மழையைத் தேக்கிவைத்துப் பல நாளைக்குப் பிரித்துக் கொடுக்கிறது. வேர் மூச்சுவிட இடம் விடுகிறது. உப்புகளை மொத்தமாகக் கொட்டாமல் ரேஷன் கடை போல அளந்து தருகிறது. தொழுவத்துச் சாணியையும் உதிர்ந்த இலையையும் வாங்கிக்கொண்டு சத்தாக மாற்றித் திருப்புகிறது. எல்லாம் கூலி கேட்காமல் நடக்கும் வேலைகள். மண்ணை எடுத்துவிட்டால் ஒவ்வொரு வேலைக்கும் நாம் ஆள் போட வேண்டும். நிறுத்திவைக்க ஒரு தாங்கி, தண்ணீர் ஓட ஒரு மோட்டார், காற்றுக்கு ஒரு பம்பு, உப்பை அளக்க ஒரு மீட்டர், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள விவரம் தெரிந்த ஒரு மனிதர். இந்தக் கூலியெல்லாம் கொடுத்த பிறகும் கையில் என்ன நிற்கிறது? பயனை அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்தக் கேள்வியை முதலில் ஒழுங்காகக் கேட்டவர்கள் கலிபோர்னியாக்காரர்கள். 1929 வாக்கில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக்கி, ஆய்வகக் குடுவையில் இருந்த முறையைத் தொட்டிக்குக் கொண்டுவந்து தக்காளி வளர்த்தார். கொடிகள் 25 அடி உயரம் போயின. பத்திரிகைகள் கொண்டாடின. 1937இல் அதற்கு 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரும் வந்தது. கிரேக்க மொழியில் நீர், உழைப்பு என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துச் செய்த பெயர். பெயரிலேயே உழைப்பு இருப்பதை விளம்பரக்காரர்கள் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மக்களிடம் மோகம் கிளம்பவே, அதே பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் ஹோக்லண்டும் டேனியல் ஆர்னனும் 1938இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நல்ல மண்ணும் நல்ல பராமரிப்பும் இருந்தால் கிடைக்கும் விளைச்சலைவிட, நீரில் வளர்க்கிறோம் என்ற ஒரே காரணத்தால் விளைச்சல் கூடிவிடாது என்பது அதன் சாரம். மோகத்தைத் தணிக்க எழுதிய அந்த அறிக்கையில் சோதனைக்காகக் கொடுத்திருந்த கரைசல் செய்முறைதான் பிற்பாடு உலகெங்கும் தாவரவியல் ஆய்வகங்களுக்கு அடிப்படையானது. ஹோக்லண்ட் கரைசல் என்று நீங்கள் செய்முறைத் தேர்வில் கலக்குகிறீர்களே, அதுதான்.

அப்படியானால் கூலி கொடுத்தாலும் கட்டுப்படியாகும் இடம் எது? மண்ணே இல்லாத இடம் முதலாவது. பசிபிக் கடலைக் கடக்கும் பான் அமெரிக்கன் விமானங்கள் எண்ணெய் நிரப்ப இறங்கிய வேக் தீவு வெறும் பவளப்பாறை. அங்கே 1930களின் கடைசியில் சரளைக்கல் தொட்டிகளில் காய்கறி விளைவித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக்கின் நடுவே எரிமலைக் கல்லாகக் கிடக்கும் அசென்ஷன் தீவில் அமெரிக்க ராணுவம் அதையே செய்தது. போர் முடிந்ததும் டோக்கியோ அருகே சோஃபு என்ற இடத்தில் அந்த ராணுவம் 22 ஹெக்டேரில் மண்ணில்லாத் தோட்டம் போட்டது. அங்கே மண்ணுக்குப் பஞ்சமில்லை. ஜப்பானிய உழவர்கள் மனிதக் கழிவை எருவாக இட்டு வந்தார்கள். அந்த நிலத்துக் காயைச் சமைக்காமல் தின்ன ராணுவத்துக்குப் பயம். மண்ணிலிருந்து வரும் நோயைத் தவிர்ப்பது இந்த முறையின் பெரிய பயன் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

இந்தியாவுக்கும் இது புதிதில்லை. 1946இல் வங்காளத்தின் காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் ஏழை உழவனுக்கு ஏற்ற முறை ஒன்றைத் தேட ஆரம்பித்தார். மோட்டார் கிடையாது, கண்ணாடி வீடு கிடையாது. தொட்டியில் மணலும் சரளையும் நிரப்பி, உர உப்புகளைக் கையால் தூவி, பூவாளியில் தண்ணீர் தெளிப்பது. வங்காள முறை என்ற பெயரிலேயே 1951இல் புத்தகமும் எழுதினார். என் கணக்கில் கெரிக்கியின் 25 அடித் தக்காளியைவிட இந்தப் பூவாளிதான் பெரிய சாதனை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். மண்ணில்லா வேளாண்மை என்றதும் நீல, ஊதா விளக்கு எரியும் குளிரூட்டிய அறை உங்கள் கண்முன் வரும். எனக்கு வருவது கறுப்பு பிளாஸ்டிக்கில் 98 குழிகள் உள்ள ஒரு தட்டு. ஒட்டன்சத்திரம் பக்கமோ ஓசூர் பக்கமோ போனால் நிழல்வலைக் குடிலுக்குள் இந்தக் குழித்தட்டுகள் வரிசை வரிசையாக இருக்கும். தக்காளி, மிளகாய், கத்தரி, காலிஃபிளவர் நாற்றெல்லாம் அதில்தான் வளர்கிறது. ஒரு தட்டுக்கு 1.2 கிலோ தேங்காய் நார்த்தூள். அதில் ஒரு பொட்டு மண் கிடையாது. குழிக்கு ஒரு விதை போட்டு, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பாலித்தீன் தாளால் மூடிவிடுவார்கள். முளை காட்டியதும் பிரித்துப் பரப்புவார்கள். பதினெட்டாம் நாள் வாக்கில் 19:19:19 கரையும் உரத்தை அரை சதவீதக் கரைசலாக ஊற்றுவார்கள். சம்சாரிகள் அதை 'ஆல் நைன்டீன்' என்பார்கள். இருபத்தைந்தாம் நாள் நாற்று வண்டியேறிவிடும்.

முன்பு மேட்டுப்பாத்தி போட்டு விதையைக் கையால் தூவினோம். மண்ணில் இருக்கும் நாற்றழுகல் நோய் ஒரு மழைக்குப் பாதி நாற்றை விழத்தட்டும். மிஞ்சியதைப் பிடுங்கும்போது வேரில் பாதி பாத்தியிலேயே நின்றுவிடும். நட்ட பிறகு நாலைந்து நாள் தலை தொங்கிக் கிடந்து, பிறகுதான் நிமிரும். விதை வீட்டு விதையாக இருந்தவரை அந்த நட்டத்தைத் தாங்க முடிந்தது. வீரிய ஒட்டு விதையை எண்ணி வாங்குகிற காலத்தில் தாங்காது.

ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை செய்யும் அம்மா எனக்குக் காட்டினார். தட்டின் அடித்துளையில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். மேலே தண்டை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். கூம்பு வடிவத்தில் பழுப்பு நார்த்தூள், அதைச் சுற்றி வெள்ளை நூல் பின்னியது போல வேர். ஒரு வேர்கூட அறவில்லை. "இத அப்படியே குழியில வச்சுட்டா, நட்டதே செடிக்குத் தெரியாது சார்" என்றார். இருபத்தைந்து நாள் மண்ணில்லாமல், அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க மண்ணில். அந்தத் தக்காளிக்கு மண்ணோடு எந்தப் பகையும் இல்லை. குழந்தைப் பருவத்தில் மட்டும் அதற்கு மண்ணின் நோய் ஆகாது. நம் மாநிலத்தில் மண்ணில்லா வேளாண்மை உண்மையில் வென்ற இடம் இதுதான். வென்றதால்தான் யாரும் அதை அந்தப் பெயரால் அழைப்பதில்லை.

நார்த்தூளைச் சொன்னேன். தேங்காய் மட்டையிலிருந்து நார் உரித்தபின் குவியும் இந்தத் தூளை ஒரு காலத்தில் சாலையோரம் கொட்டிக் கொளுத்தினார்கள். அது தன் எடையைப் போல எட்டு மடங்கு நீர் பிடிக்கும். அழுத்திய 5 கிலோ கட்டி ஒன்றை நனைத்தால் 70 லிட்டர் அளவுக்குப் பொங்கும். பொள்ளாச்சியிலிருந்து கப்பலேறி, ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளில் தக்காளிக்குப் படுக்கையாகிறது. அண்மை ஆண்டுகளில் இந்தியாவின் தென்னை நார்ப் பொருள் ஏற்றுமதியில் முதலிடம் கயிற்றுக்கும் மிதியடிக்கும் இல்லை, இந்தத் தூளுக்குத்தான். நம் வீட்டு மாடித்தோட்டப் பைகளிலும் இதுதான்.

ஆனால் தூளில் இயல்பாகவே சோடியம், பொட்டாசியம் உப்புகள் இருக்கின்றன. ஏற்றுமதிக்கு அதைக் கழுவித்தான் அனுப்ப வேண்டும். சிலர் கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்தும் கழுவுவார்கள். கழுவிய நீர் கட்டஞ்சாயா நிறத்தில் ஓடும். அது நிலத்தில் இறங்கிக் கிணற்று நீர் நிறம் மாறியதாகப் பொள்ளாச்சிப் பக்கத்தில் உழவர்கள் புகார் எழுப்பியிருக்கிறார்கள். எங்கோ ஒரு நாட்டில் மண்ணில்லாமல் விளையும் தக்காளியின் உப்பு நம் மண்ணில் தங்குகிறது. இந்த வரவுசெலவைக் கூட்டிக் கழிக்காமல் இதைப் பசுமைத் தொழில் என்று மேடையில் சொல்ல எனக்கு நா வரவில்லை.

இனி என் சொந்தக் கதை. பணி ஓய்வு பெற்ற ஆண்டு மாடியில் வெள்ளைக் குழாய் அடுக்கு ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். ஒரு நாளைக்குப் பத்து நிமிட வேலை என்று சொல்லி விற்றார்கள். முதல் தப்பு என்னுடையது. ஏ என்றும் பி என்றும் இரண்டு டப்பா உரம். இரண்டையும் ஒரே குடத்தில் கெட்டியாகக் கரைத்தேன். ஐந்து நிமிடத்தில் பால் போல வெளுத்து அடியில் மாவு தங்கியது. கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்தால் ஜிப்சம் ஆகும். அதனால்தான் இரண்டு டப்பா. முப்பத்திரண்டு ஆண்டு தாவர ஊட்டவியல் நடத்தியவன் செய்த வேலை இது.

இரண்டாவது தப்பு மே மாதத்துடையது. உச்சி வெயிலில் மின்சாரம் போய் இரண்டு மணி நேரம் மோட்டார் நின்றது. குழாயில் ஓடுவது மெல்லிய நீர்ப்படலம்தான். நின்றதும் வேர் காய ஆரம்பித்துவிடும். நான் மாடிக்குப் போனபோது லெட்டூஸ் முழுவதும் பிழிந்து போட்ட துணி போலக் கிடந்தது. மின்சாரம் வந்து பாதி பிழைத்தது. பிழைத்ததும் ஒரு வாரத்தில் வேரழுகிச் செத்தது. தொட்டி நீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன், 34 டிகிரி. 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். வேருக்கு மூச்சு முட்டுகிற அதே சூட்டில் வேரழுகல் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். பக்கத்தில் பழைய தொட்டி மண்ணில் தானாக முளைத்த குப்பைக்கீரை ஒன்று, இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது.

அந்தக் கீரைதான் எனக்கு வழி காட்டியது. நம் வெயிலுக்குப் பிறந்த செடியை விட்டுவிட்டு லெட்டூஸை ஏன் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்? 2015இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மண்ணில்லாக் கண்ணாடி வீட்டில் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 41 கிலோ லெட்டூஸ், வயலில் 3.9 கிலோ. ஒரு கிலோவுக்குத் தண்ணீர் 20 லிட்டர். வயலில் 250 லிட்டர். இதுவரை எல்லா விளம்பரத்திலும் இருக்கும். அடுத்த வரிதான் இருக்காது. ஒரு கிலோவுக்கு ஆற்றல் 90,000 கிலோஜூல், வயலில் 1,100. நம் மின்கட்டண அட்டையின் மொழியில் சொன்னால் 25 யூனிட்டும், யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கும். ஒரு கிலோ இலைக்கு 25 யூனிட்!

அந்த 25 யூனிட்டைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். 20 யூனிட்டுக்கு மேல் அறையைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் போகிறது. நாலு யூனிட் விளக்குக்கு. கரைசலை ஓட்டும் மோட்டாருக்கு 640 கிலோஜூல்தான், யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவு. மண் இல்லாததற்கு நாம் கொடுக்கும் கூலி குறைவு. அந்த ஊருக்குப் பொருந்தாத செடியைப் பிடிவாதமாக வளர்ப்பதற்குக் கொடுக்கும் கூலிதான் அதிகம். தண்ணீர்ச் சிக்கனம் என்ற பயன் மட்டும் நமக்கு வேண்டுமென்றால், பாலக், தண்டுக்கீரை, புதினா என்று வெயில் தாங்குகிறவற்றை நிழல்வலைக்குக் கீழே, விளக்கில்லாமல் வளர்க்கலாம்.

மோட்டாரும் வேண்டாமென்றால் அதற்கும் வழி உண்டு. ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி என்பவர் பரப்பிய முறை. மூடியுள்ள வாளியில் கரைசலை ஒரே தடவை நிரப்பி, மூடித் துளையில் நாற்றை வைத்துவிட வேண்டியது. செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். மேலே காற்றில் நிற்கும் வேர் மூச்சுக்கு, கீழே நனைந்த வேர் குடிக்க. மின்வெட்டு எத்தனை மணி நேரம் போனாலும் கவலையில்லை. மூடியை மட்டும் இடுக்கில்லாமல் போடுங்கள், கொசு முட்டையிட்டால் கீரைக்குப் பதில் டெங்கு வளரும்.

கால்நடைக்கான மண்ணில்லாத் தீவனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கிலோ மக்காச்சோளத்தைத் தட்டில் முளைக்கவைத்தால் ஏழெட்டு நாளில் ஐந்தாறு கிலோ பசுந்தீவனம். பார்க்க அட்சய பாத்திரம் போல இருக்கும். கூடிய எடை தண்ணீர். முளைக்கும்போது விதை தன் மாவை எரித்துத்தான் வளர்கிறது. உலரவைத்து எடை போட்டால் போட்ட விதையைவிடச் சற்றுக் குறைவாகவே நிற்கும். கோடையில் பச்சையே காணாத மாட்டுக்கு அது நல்ல விருந்து. தீவனச் செலவு ஐந்திலொரு பங்காகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

"எல்லாம் ரசாயனம்தானே" என்ற கேள்வியும் வரும். சாணத்திலிருக்கும் தழைச்சத்தையும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றித்தான் வேருக்குப் பெரும்பாலும் கொடுக்கின்றன. எந்த மூட்டையிலிருந்து வந்த நைட்ரேட் என்று வேர் விசாரிப்பதில்லை. அதே சமயம் ஐரோப்பிய ஒன்றியத்தில் மண்ணில் விளையாத காய்க்கு இயற்கை விளைபொருள் முத்திரை கிடையாது, அமெரிக்காவில் கிடைக்கிறது. என் ஓட்டு ஐரோப்பாவுக்கு. இயற்கை வேளாண்மை என்பது காயைப் பற்றிய பேச்சு மட்டுமில்லை, அந்தக் காய் நின்ற நிலம் அடுத்த ஆண்டு எப்படி இருக்கும் என்ற பேச்சும்தான். வாளிக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று கிடையாது.

முன்வரிசைப் பெரியவருக்கு என் பதில் இதுதான். ஐயா, உங்கள் சோளமும் கம்பும் பருத்தியும் உளுந்தும் மண்ணிலேயே இருக்கட்டும். அவற்றுக்கு வாளி கட்டுப்படியாகாது. நாற்றும் கீரையும், மண் கெட்ட இடத்துக் காயும், மொட்டைமாடியும் எங்களுக்குப் போதும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். தாவரவியல் துறையின் வடக்கு வாசலில் எட்டு வாளிகள் இருக்கின்றன. நான்கில் கரிசல் மண்ணும் தொழுவுரமும். உலர்த்தி எடை போட்டுத்தான் நிரப்பியிருக்கிறேன். நான்கில் மூடியிட்ட கரைசல். எட்டிலும் இன்று காலை பாலக் நாற்று நட்டிருக்கிறது. ஊற்றும் தண்ணீரை லிட்டர் கணக்கிலும், செலவை ரூபாய்க் கணக்கிலும் எழுதுங்கள். முப்பதாம் நாள் அறுத்துக் கீரையை எடை போடுங்கள். மண்ணையும் உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். நோட்டுப் புத்தகம் ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்குகிறது. பேனா நீங்கள் கொண்டுவர வேண்டும்.